இலையிலிருந்து புதிய சேர்மம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மூலிகை இலையில் கண்டதாக அறிவிக்கப்படும் புதிய சேர்மங்களில் பல, இலையில் இருந்தவையே அல்ல. மெத்தனாலும் சிலிக்காவும் சூடும் சேர்ந்து குடுவைக்குள் உண்டாக்கியவை. வேறு சில, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் சூட்டப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் ஆய்வகத்தைச் சந்தேகியுங்கள், அடுத்து ஏற்கனவே தெரிந்த சேர்மமா என்று பாருங்கள், இலையின் புதுமையைக் கடைசியில் வையுங்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்த வரிசையில்தான் எழுதப்பட்டுள்ளன.

அடிப்படை முறை இது. நிழலில் உலர்த்திக் கரகரப்பாகப் பொடித்த இலை 1 கிலோ. மெத்தனால் 4 முதல் 5 லிட்டர், அறை வெப்பத்தில் 24 மணி நேர ஊறல், மூன்று முறை. ரோட்டரி எவாப்பரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி) குளியல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வற்றவைக்க வேண்டும். அந்தச் சாற்றை 500 மி.லி. நீரில் கலக்கி ஹெக்ஸேன், எத்தில் அசிடேட், நீரால் நிறைவுற்ற பியூட்டனால் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் 500 மி.லி. வீதம் மும்முறை பிரிக்க வேண்டும்.

தொடங்கும் முன் மூன்று பொருள்களை எடுத்து வையுங்கள்: இலைப்பொடி 50 கிராம், காலத்தில் (column, சிலிக்கா போன்ற பொடி நிரப்பிய பிரிப்புக் குழாய்) ஏற்றாத முதல் சாறு 5 கிராம் (இரண்டும் மைனஸ் 20 டிகிரியில்), இலையே போடாமல் அதே கரைப்பான்களை அதே அளவில் வற்றவைத்துக் கிடைத்த வெற்று மாதிரி. பின்னால் வரும் சந்தேகங்களில் பாதியை இந்த மூன்றும் தீர்க்கும். இவை இல்லாவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

செடியின் அடையாளத் தாளும் எண்ணோடு ஹெர்பேரியத்தில் (உலர் செடிக் காப்பகம்) இருக்க வேண்டும். சந்தையில் கீழாநெல்லி என்று வாங்கும் கட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபில்லாந்தஸ் இனங்கள் கலந்து வருவது வழக்கம். ஃபில்லாந்தின் என்ற சேர்மம் தாராளமாக உள்ள ஃபில்லாந்தஸ் அமாரஸுக்குப் பதில் வேறு இனம் வந்துவிட்டால், அடுத்த ஆறு மாத வேலை யாருடைய இலையைப் பற்றியது என்றே தெரியாமல் போகும்.

அறிகுறி: சாறு பச்சைத் தாராக இருக்கிறது, டி.எல்.சி. (மெல்லடுக்குப் பிரிப்பு) தகடு முழுக்கப் பச்சை

பச்சையமும் மெழுகும்தான் காரணம். ஹெக்ஸேனால் கழுவினால் மெழுகு போகும். பச்சையம் முழுவதும் போகாது, அதன் சிதைவுப் பொருள்கள் எத்தில் அசிடேட் வரை கூடவே வரும். மெத்தனால் சாற்றில் நீர் சேர்த்து 65 முதல் 70 சதவீத மெத்தனாலாக்கி, இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்து, செலைட் (வடிகட்ட உதவும் மண்பொடி) படுக்கை வழியே வடிகட்டுங்கள். பச்சையத்தின் பெரும்பகுதி செலைட்டிலேயே தங்கிவிடும். படிந்ததை எறிந்துவிடாமல் அதையும் ஒரு டி.எல்.சி. போட்டுப் பாருங்கள், நீரில் கரையாத டிரைடெர்பீன்கள் அதோடு போயிருக்கக்கூடும். எஞ்சிய பச்சைக்கு எம்.சி.ஐ. ஜெல் அல்லது சி18 (இரண்டும் நீரை விரும்பாத பொருள்களைப் பிடித்துவைக்கும் பிரிப்புப் பொடிகள்) படுக்கை போதும்: 80 முதல் 90 சதவீத மெத்தனாலில் வேண்டியவை இறங்கிவிடும், பச்சையம் மேலேயே நிற்கும்.

கரியைப் போட்டு நிறம் நீக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தட்டையான அரோமாட்டிக் மூலக்கூறுகளைக் கரி இறுகப் பிடித்துக்கொள்ளும். பச்சையத்தோடு ஃப்ளேவனாய்டும் போகும், திரும்ப வராது.

நிறை நிறமாலையில் (மூலக்கூறு அயனியின் நிறையை அளக்கும் சோதனை) 593.27 அல்லது 871.57 என்ற எண் வந்தால் மகிழ வேண்டாம். முதலாவது ஃபியோஃபார்பைடு ஏ, இரண்டாவது ஃபியோஃபைட்டின் ஏ. இரண்டும் பச்சையத்தின் சிதைவு.

அறிகுறி: பிரிபுனலில் குழம்பு நிற்கிறது, அடுக்கு பிரியவில்லை

சாப்போனின் உள்ள இலைகளில் இது நிச்சயம் வரும். குலுக்காமல் புனலை மெதுவாகத் தலைகீழாக்கித் திருப்புங்கள். குழம்பு ஏற்கனவே வந்துவிட்டால் நிறைவுற்ற உப்புநீர் 50 மி.லி. சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்கும் பிரியாததை செலைட்டில் வடிகட்டலாம், அல்லது நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் பத்து நிமிடம் மையவிலக்கலாம். பியூட்டனால் அடுக்கை வற்றவைக்கும்போது இடையிடையே நீர் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து குறைந்த வெப்பத்தில் ஆவியாகும். சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் கிளைக்கோசைடுகள் உடையும்.

அறிகுறி: டி.எல்.சி.யில் புள்ளி இல்லை, வால் மட்டும் இழுக்கிறது

முதலில் அளவைக் குறையுங்கள். பத்து மி.கி./மி.லி. கரைசலில் 1 முதல் 2 மைக்ரோலிட்டர் போதும். அதன்பிறகும் வால் இழுத்தால் அது அமிலமா காரமா என்று பாருங்கள். ஆல்கலாய்டு சிலிக்காவின் அமிலத்தன்மையில் சிக்கி இழுபடும், ஓட்டக் கரைப்பானில் 0.5 முதல் 1 சதவீதம் டிரைஎத்தில்அமீன் சேர்த்தால் திரண்டு வரும். ஃபீனாலிக் அமிலங்களுக்கு அதே அளவு அசிட்டிக் அல்லது ஃபார்மிக் அமிலம். அடியிலிருந்தே பழுப்பாகப் பரவி, ஃபெரிக் குளோரைடு தெளித்தால் கருநீலமாகும் வால் டானின். அதற்குக் கரைப்பான் மாற்றிப் பயனில்லை, பாலிஅமைடு படுக்கையில் ஓட்டி நீக்க வேண்டும். டானினை நீக்காமல் நொதிச் சோதனைக்கு அனுப்பினால் எல்லா ஃப்ராக்ஷனும் (பிரித்தெடுத்த பகுதி) வீரியம் உள்ளதுபோலக் காட்டும்.

அறிகுறி: காலத்தில் போட்ட எடை வெளியே வரவில்லை, அல்லது முதல் சாற்றில் இல்லாத புள்ளிகள் வருகின்றன

இந்தத் தொழிலில் அதிகம் கவனிக்காமல் விடப்படும் கோளாறு இதுதான். பத்து கிராம் சாற்றை 20 கிராம் சிலிக்காவில் உலர்த்தி ஏற்றி, 100–200 மெஷ் சிலிக்கா 300 முதல் 500 கிராமில் ஓட்டினால், ஃப்ராக்ஷன்களின் கூட்டு எடை ஏற்றியதை நெருங்க வேண்டும். பாதிக்கு மேல் காணோம் என்றால் இரண்டே வழி: மேலே ஒட்டிக்கொண்டது, அல்லது சிதைந்தது. கடைசியில் மெத்தனாலில் 1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்து கழுவிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் சிதைவுதான்.

சிதைவைக் கண்டுபிடிக்க ஒரு தகடு போதும். பத்துக்குப் பத்து செ.மீ. சிலிக்காத் தகட்டின் ஒரு மூலையில், இரு ஓரங்களிலிருந்தும் 1 செ.மீ. தள்ளிப் புள்ளியிடுங்கள். ஒரு முறை ஓட்டி, உலர்த்தி, இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு தகட்டை 90 டிகிரி திருப்பி அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். சிதையாத பொருள்கள் எல்லாம் மூலைவிட்டக் கோட்டில் வரிசையாக நிற்கும். கோட்டைவிட்டு விலகி நிற்கும் எந்தப் புள்ளியும் சிலிக்காவின் மேல் உண்டானது. காலத்தைக் கட்டும் முன்பே இதைச் செய்தால் ஒரு வார வேலையும் மாதிரியும் மிஞ்சும்.

விலகல் தெரிந்தால் சிலிக்காவில் எடைக்கு 10 சதவீதம் நீர் கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கலாம், டையால் சிலிக்காவுக்கோ செஃபாடெக்ஸ் எல்.ஹெச்-20க்கோ மாறலாம். செஃபாடெக்ஸ் காலம் 80 முதல் 100 செ.மீ. நீளம் இருக்கட்டும். ஏற்றும் கரைசல் படுக்கைக் கொள்ளளவில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஓட்டம் நிமிடத்துக்கு 1 மி.லி.யைத் தாண்டினால் பிரிப்பு கெடும்.

அறிகுறி: குப்பியில் எடை இருக்கிறது, புற ஊதாவில் எதுவும் தெரியவில்லை

254 நானோமீட்டரில் இருட்டாகத் தெரியாத எதையும் வெற்று ஃப்ராக்ஷன் என்று ஒதுக்காதீர்கள். ஆர்ட்டிமிசினின் இதற்குச் சிறந்த சாட்சி. ஆர்ட்டிமிசியா ஆனுவா இலையிலிருந்து 1970களில் சீனாவில் பிரிக்கப்பட்ட அந்த மலேரியா மருந்தில் ஒளியை உறிஞ்சும் அமைப்பு எதுவும் இல்லாததால் தகட்டில் அது கண்ணுக்குப் படாது. அனிசால்டிஹைடு தெளிப்பான் எப்போதும் கையில் இருக்கட்டும்: பனிக்குளியலில் வைத்த மெத்தனால் 85 மி.லி.யில் பனி அசிட்டிக் அமிலம் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 5 மி.லி. (சொட்டுச் சொட்டாக), இறுதியில் அனிசால்டிஹைடு 0.5 மி.லி. தெளித்து 105 டிகிரியில் ஐந்து நிமிடம். டெர்பீனும் ஸ்டீராய்டும் ஊதா, நீலம், இளஞ்சிவப்பாக எழும்.

தெளித்தும் ஒன்றும் வராமல், என்.எம்.ஆரிலும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கரைப்பான் மட்டுமே தெரிந்தால் அது சிலிக்கா. மெத்தனால் விகிதம் கூடும்போது நுண் துகள்கள் கூடவே இறங்கி எடையைக் கூட்டிக் காட்டும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் ஓட்டி மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

அறிகுறி: முதல் சாற்றில் வீரியம் இருந்தது, பிரிக்கப் பிரிக்கக் காணாமல் போகிறது

மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லா ஃப்ராக்ஷன்களையும் அவற்றின் எடை விகிதத்தில் மறுபடி கலந்து சோதியுங்கள். வீரியம் திரும்பி வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. திரும்பாவிட்டால் பொருள் சிதைந்துவிட்டது, அல்லது காலத்தில் தங்கிவிட்டது.

சிதைவுக்குச் சூடே முதல் காரணம். ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு 1971இல் செய்த மாற்றம் அதைத்தான் காட்டியது: கொதிநீர்ச் சாற்றில் நிலையாக நிற்காத மலேரியா எதிர்ப்பு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் எடுத்தபோது நிலைத்தது. சூட்டில் வீரியம் கெடுகிறது என்று அந்தக் குழு கருதியது. உங்கள் இலையின் சேர்மத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை அதையும் அப்படியே நடத்துங்கள்.

அறிகுறி: நிறமற்ற எண்ணெய், அழகான தூய நிறமாலை, எந்த இலையிலும் வருகிறது

பிளாஸ்டிக். டை-எத்தில்ஹெக்ஸில் தாலேட் குழாய், மூடி, கரைப்பான் கேன் எல்லாவற்றிலிருந்தும் இறங்கும். நிறை நிறமாலையில் 391.284, சோடியத்தோடு 413.266, உடைந்தால் 149.023. என்.எம்.ஆரின் புரோட்டான் நிறமாலையில் 7.70, 7.53 பிபிஎம்மில் (உச்சியின் இடத்தைக் குறிக்கும் அளவு) ஒன்றுக்கொன்று சமச்சீராக நிற்கும் இரு பல்முனைகளும் 4.2இல் ஆக்ஸிஜனை ஒட்டிய மெத்திலீனும் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். தாலேட்டை இலையின் சேர்மமாக அறிவித்த கட்டுரைகள் இன்றும் வருகின்றன. வெற்று மாதிரியில் அதே உச்சி இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

டியூட்டரோ குளோரோஃபார்மில் (டியூட்டீரியம் உள்ள என்.எம்.ஆர். கரைப்பான்) 0.07 பிபிஎம் சிலிக்கோன் கிரீஸ், 1.26 ஹைட்ரோகார்பன் கிரீஸ், 1.56 நீர். 6.98, 5.01, 2.27, 1.43 என நான்கு ஒற்றை உச்சிகள் சேர்ந்து வந்தால் பி.ஹெச்.டி. (BHT) என்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான். ஈதரிலும் டெட்ராஹைட்ரோஃப்யூரானிலும் அதைக் கலந்துதான் விற்கிறார்கள்.

வெண்பொடியாக வந்தால் பட்டியல் வேறு. 5.35இல் ஒரு இரட்டை உச்சி, 3.52இல் ஒரு பல்முனை: சிட்டோஸ்டிரால், பெரும்பாலும் ஸ்டிக்மாஸ்டிராலோடு கலந்து. 4.69, 4.57, 1.68: லூபியால். குளோரோஃபார்மில் கரைய மறுத்துப் பிரிடினில் மட்டும் கரையும் வெண்பொடி: சிட்டோஸ்டிரால் குளுக்கோசைடு. கார்பன் நிறமாலையில் 125.9, 138.0 உர்சோலிக் அமிலம், 122.6, 143.6 ஓலியனாலிக் அமிலம். இவ்விரண்டும் ஒரே புள்ளியாக ஓடித் தூயதுபோல ஏமாற்றும்.

அறிகுறி: நிறை, தெரிந்த சேர்மத்தைவிட 14, 28, 40 அல்லது 56 கூடுதலாக வருகிறது

இங்கே நிதானம் வேண்டும், புதியது என்ற தவறான அறிவிப்பு அதிகம் பிறப்பது இந்த இடத்தில். மெத்தனால் அமிலத்தை மெத்தில் எஸ்டராக்கினால் 14.0157 கூடும். எத்தனால் 28.0313. அருகருகே இரு ஹைட்ராக்சில் உள்ள பொருள் அசிட்டோனோடு சேர்ந்தால் 40.0313. பியூட்டனால் எஸ்டர் 56.0626. குளோரோஃபார்மில் உறுதிகாப்புக்காக எத்தனால் கலந்திருப்பதால், எத்தனாலே தொடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பெர்பெரின் போன்ற நாற்படி ஆல்கலாய்டுகள் அம்மோனியா கலந்த குளோரோஃபார்மில் டிரைகுளோரோமெத்தில் சேர்மமாகவே மாறிவிடும். குளோரின் உள்ள மூலிகைச் சேர்மம் கிடைத்தால் முதலில் கரைப்பானைப் பாருங்கள்.

எண்ணை முழு எண்ணாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆடாதோடை இலையின் வாசிசின் 189.102, கூட வரும் வாசிசினோன் 203.082. வித்தியாசம் 14தானே, மெத்தில் ஏறியிருக்கிறது என்று தோன்றும். துல்லிய வித்தியாசம் 13.979: இரண்டு ஹைட்ரஜன் போய் ஒரு ஆக்ஸிஜன் வந்திருக்கிறது. வாசிசின் காற்றுப்பட்டாலே வாசிசினோனாக மாறும். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடும் அப்படித்தான், சூட்டில் ஒரு நீர் மூலக்கூறை இழந்து 14-டியாக்சி-11,12-டைடிஹைட்ரோ வடிவமாகும். அந்த வடிவம் இலையிலும் இயல்பாகவே உண்டு என்பதால், உங்கள் குப்பியில் உள்ளதில் எவ்வளவு இலையுடையது, எவ்வளவு ரோட்டரியுடையது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

காட்டும் வழி: ஃப்ரீசரில் வைத்த இலைப்பொடியில் ஒரு கிராம் எடுத்து, சந்தேகத்துக்குரிய கரைப்பானைத் தொடாமல் அசிட்டோநைட்ரைலில் அறை வெப்பத்தில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, உடனே எல்.சி.-எம்.எஸ்.இல் (திரவப் பிரிப்போடு இணைந்த நிறை நிறமாலைக் கருவி) ஓட்டுங்கள். உங்கள் சேர்மத்தின் உச்சி அதே நேரத்தில், அதே எண்ணில் இருந்தால் இலையில் உள்ளதுதான். இல்லையென்றால் அது ஆய்வகத்தில் உண்டான பொருள் என்றே எழுதுங்கள்.

அறிகுறி: நிறை சொல்லும் வாய்பாடும் என்.எம்.ஆர். கணக்கும் ஒத்துவரவில்லை

பெரும்பாலும் அயனியைத் தவறாகப் படித்ததால் வரும் குழப்பம். ஆண்ட்ரோகிராஃபோலைடின் நிறை 350.209. புரோட்டானோடு 351.217, சோடியத்தோடு 373.198, நீர் இழந்து 333.206, இரு மூலக்கூறுகள் ஒரு சோடியத்தைப் பகிர்ந்தால் 723.408. 333ஐ மூலக்கூறு என்று கொண்டால் கார்பன் நிறமாலையில் ஒரு ஹைட்ராக்சில் உபரியாக நிற்கும். 723ஐ எடுத்தால் இரட்டை மூலக்கூறு என்ற கற்பனை பிறக்கும். இரண்டு உச்சிகளுக்கு இடையே 21.982 இருக்கிறதா என்று தேடுங்கள், அதுதான் புரோட்டானுக்கும் சோடியத்துக்கும் உள்ள தூரம். 162.053 போனால் ஹெக்சோஸ், 146.058 ரம்னோஸ் வகை, 132.042 பென்டோஸ்.

அறிகுறி: என்.எம்.ஆரில் உச்சிகள் இரட்டையாக வருகின்றன, அல்லது கார்பன்கள் குறைகின்றன

ஃப்ளேவோன் வளையத்தில் நேரடியாகக் கார்பனில் சர்க்கரை ஏறியிருந்தால் (நொச்சி இலையில் இவ்வகை உண்டு) சுழற்சி தடைபட்டு ஒரே பொருள் இரு உச்சித் தொகுதிகளைத் தரலாம். டியூட்டரோ டி.எம்.எஸ்.ஓ.வில் 80 டிகிரிக்குச் சூடேற்றி மறுபடி எடுங்கள். ஒன்றாக இணைந்தால் ஒரே பொருள். இணையாவிட்டால் கலவை, திரும்ப ஹெச்.பி.எல்.சி.க்கு (உயர் அழுத்தத் திரவப் பிரிப்பு) போங்கள்.

ஹைட்ரஜன் ஒட்டாத கார்பன்கள் காணாமல் போவதற்கு, அடுத்தடுத்த இரு அளவீடுகளுக்கு இடையே விடும் காத்திருப்பு நேரம் போதாமையே காரணம். அதை 3 முதல் 5 வினாடியாக்குங்கள். அப்போதும் வராதவற்றை ஹெச்.எம்.பி.சி.யில் (ஹைட்ரஜனை இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியுள்ள கார்பனோடு இணைத்துக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை) தேடுங்கள். 8 ஹெர்ட்ஸுக்கு அமைத்தது பிடிக்காததை 4 அல்லது 5 ஹெர்ட்ஸுக்கு அமைத்த இன்னொன்று பிடிக்கும். டியூட்டரோ மெத்தனாலில் ஃப்ளேவனாய்டின் 6, 8ஆம் இடத்து ஹைட்ரஜன்கள் மெல்ல டியூட்டீரியத்தோடு இடம் மாறும். நேற்று இருந்த உச்சி இன்று சிறுத்திருந்தால் சேர்மம் கெட்டதாக எண்ண வேண்டாம். 12 முதல் 13 பிபிஎம்மில் வரும் ஐந்தாம் இட ஹைட்ராக்சிலைக் காண டி.எம்.எஸ்.ஓ. வேண்டும். நிறமாலையின் அகலம் 10 பிபிஎம்மோடு வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: கட்டமைப்பு முழுமை, தரவுத்தளத்தில் இல்லை

எதில் தேடினீர்கள் என்பதுதான் கேள்வி. வாய்பாட்டை மட்டும் தேடாமல் கட்டமைப்பை வரைந்து சைஃபைண்டரிலோ ரியாக்ஸிஸிலோ தேடுங்கள், திசையமைப்பு இல்லாமலும் ஒரு முறை. இந்திய மூலிகைகளுக்குச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இம்ப்பாட் தளம் இலவசம். செடி வாரியாகவும் பகுதி வாரியாகவும் தேடலாம். எம்.எஸ்./எம்.எஸ். உடைவு வடிவத்தை ஜி.என்.பி.எஸ். என்ற பொதுத் தளத்தில் ஏற்றினால் நெருங்கிய உறவுச் சேர்மங்களும் தெரியவரும். இவற்றைக் காலத்தில் ஏற்றும் முன்பே முதல் சாற்றுக்குச் செய்வது நல்லது. தெரிந்தவை எவை என்று முதலிலேயே தெரிந்தால், நேரத்தைத் தெரியாத உச்சியின்மேல் செலவிடலாம்.

எதிலும் இல்லையென்றாலும் கட்டமைப்பு சரிதானா என்ற கேள்வி நிற்கிறது. ஆஸ்டெரிஸ்கஸ் அக்வாட்டிகஸ் செடியின் அக்வாட்டோலைடு 1989இல் வெளியானது. அதன் வளையப் பிணைப்பு தவறு என்பது 2012இல், கணினியில் கணக்கிட்ட என்.எம்.ஆர். மதிப்புகள் பொருந்தாததால் வெளிப்பட்டது. கணக்கிட்ட கார்பன் மதிப்புகளை அளந்தவற்றோடு ஒப்பிடுவதை இன்று எந்தப் புதிய அமைப்புக்கும் தவிர்க்கக் கூடாது. படிகம் கிடைத்தால் செம்புக் கதிரில் எக்ஸ்-கதிர் எடுங்கள், கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மட்டுமே உள்ள பொருளுக்கு மாலிப்டினம் கதிரின் வேறுபாடு முழுத் திசையமைப்பைச் சொல்லப் போதாது. ஃப்ளாக் எண் (முழுத் திசையமைப்பு சரியா என்று காட்டும் அளவு) பூஜ்யத்தை ஒட்டி, அதன் பிழையெல்லை சிறியதாக இருக்க வேண்டும். சர்க்கரை குளுக்கோஸ் என்று ஆனோமர் உச்சியின் 7 முதல் 8 ஹெர்ட்ஸைக் கொண்டு எழுதும்போது, அது பீட்டா இணைப்பை மட்டுமே சொல்கிறது. டி வடிவமா எல் வடிவமா என்பதற்கு அமிலத்தில் பிரித்து, சிஸ்டீன் மெத்தில் எஸ்டரோடு சேர்த்து, தெரிந்த சர்க்கரைகளோடு ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: இரண்டு மி.கி. மட்டுமே கையில் இருக்கிறது

இலையில் அளவு குறைவாக இருப்பது இயல்பு. நித்திய கல்யாணியின் உலர் இலை சுமார் 500 கிலோவிலிருந்து ஒரு கிராம் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இருப்பதை வரிசை தவறாமல் செலவிடுங்கள். ஒளிச்சுழற்சிக்கும் வட்ட இருநிறத்துக்கும் கரைசல் திரும்பக் கிடைக்கும், அவற்றை முதலில் முடியுங்கள். அடுத்து 3 மி.மீ. குழாயில் என்.எம்.ஆர்.: புரோட்டான், ஹெச்.எஸ்.க்யூ.சி., ஹெச்.எம்.பி.சி., கோசி, நோயெசி (இந்த நான்கும் அணுக்களின் இணைப்பையும் அண்மையையும் காட்டும் இருபரிமாணச் சோதனைகள்), கடைசியில் இரவு முழுக்கக் கார்பன். தெளிவை இருமடங்காக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதால், இருமடங்கு பொருள் தேடுவதே மலிவு. நிறை நிறமாலைக்கு மைக்ரோகிராம் போதும். அமிலச் சிதைவு, மோஷர் எஸ்டர் (திசையமைப்பை அறியச் செய்யும் வினை) போன்ற திரும்பாத சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு.

டியூட்டரோ குளோரோஃபார்ம் வெளிச்சத்தில் நின்றால் அமிலமாகும். அமிலம் தாங்காத சேர்மத்துக்கு அதைக் கார அலுமினாப் படுக்கையில் ஓட்டிப் பயன்படுத்துங்கள், அளவீடு முடிந்த அன்றே வற்றவைத்து, ஆர்கான் ஊதி, கண்ணாடிக் குப்பியில் டெஃப்லான் மூடியிட்டு மைனஸ் 20இல் வையுங்கள். ஹெச்.பி.எல்.சி.யில் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் போட்டிருந்தால் அந்த ஃப்ராக்ஷனை ரோட்டரியில் வற்றவைக்கக் கூடாது. அசிட்டோநைட்ரைல் முதலில் போய், எஞ்சும் நீரில் அமிலம் செறிந்து கிளைக்கோசைடை உடைக்கும். ஃபார்மிக் அமிலத்துக்கு மாறி, உறைய வைத்து உலர்த்துங்கள்.